கீழ்மேல்

"மிக்சிய நிறுத்துட்டி, சர்வே நம்பர் விட்டுப் போவுது" என்று முன்னறையிலிருந்து கடற்கரை சத்தம் போட்டான். சங்கரேஸ்வரி சட்னியைப் பாதியில் நிறுத்தினாள். மலையடிவாரத்து ஊரில் பிறந்தவனுக்குக் கடற்கரை என்று பெயர் வைத்த குடும்பம் அது. அவன் கடலை முதன்முதலாகப் பார்த்ததே கல்யாணமான பிறகு திருச்செந்தூரில்தான். தென்காசி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே அவனுக்கு ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் உண்டு, பத்திர எழுத்தர். பதிவுக்குப் போகிற பத்திரத்தை அன்று காலையில் வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட வேண்டும் அவனுக்கு. கண் பிழையைத் தாண்டிப் போய்விடும், காது தாண்டாது என்பது அவன் கட்சி. அதனால் அந்த வீட்டில் காலை நேரத்தில் யாருடைய மனையாவது அளக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். வந்த புதிதில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம்போல அதுவும் காதில் ஏறாமல் போயிற்று.

"சொரிமுத்து வீட்டுக்கு வடக்கு, பாதைக்குத் தெற்கு, தங்கசாமி மனைக்கு மேற்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு. இதற்குட்பட்ட மனை கீழ்மேலடி நாற்பத்தெட்டு, தென்வடலடி முப்பது" என்று ராகம் போட்டுக்கொண்டிருந்தான். அவள் காபியைக் கொண்டுபோய் ஸ்டூலில் வைத்தாள். ஸ்டூலில் ஒரு தாள் கிடந்தது. பென்சிலால் ஒரு கட்டம் வரைந்து நாலு பக்கமும் நாலு எழுத்துப் போட்டிருந்தான். மேலே வ, அடியில் தெ, இடதுபக்கம் மே, வலதுபக்கம் கீ.

"ஏ, படத்து மேலயா வைப்ப? ஈரம் பட்டுட்டு பாரு."

அவள் டம்ளரை எடுக்கவில்லை. வலதுபக்கத்துக் கீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலையில் சுழிக்கிற கொம்பை அவன் தேவைக்கு அதிகமாக நீட்டி, குடைக்கம்பியின் பிடியைப்போல வளைத்து விடுவான். அந்த வளைவை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேலாக ஆய்வகத்தில் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளை மண் நிரப்பிய சின்னச் சின்ன பிளாஸ்டிக் பெட்டிகளின் முதுகில் கறுப்பு மையில் அதே கீ.

"இது என்னது?" என்றாள்.

"எது?"

"இந்தக் கீ."

"கீழ்பக்கம்."

"கிழக்கா?"

"பின்ன, பாதாளமா?" என்று சொல்லிவிட்டு அவன் காபியை எடுத்துக்கொண்டான்.

சங்கரேஸ்வரி அடுக்களைக்குப் போய் மிக்சியைத் திரும்பப் போட்டாள். சட்னி அரைபட்டு முடிந்து, வெண்ணெயாகி, ஜார் சூடேறுகிற வரைக்கும் அது ஓடிக்கொண்டிருந்தது.  இல்லை, இருக்காது என்று சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லச் சொல்ல, இருக்கும் என்றுதான் பட்டது. அவள் பிறந்த வீடே செங்கோட்டையில் ஒரு மேலத்தெருவில்தான். அந்தத் தெரு எந்த மேட்டிலும் இல்லை. ஊருக்கு மேற்கே இருக்கிறது, அவ்வளவுதான். மலை இருக்கிற பக்கம் மேல, வயல் இருக்கிற பக்கம் கீழ. இதைத் தெரியாத ஆள் அந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. தெரிந்தும் தோன்றவில்லையே என்பதுதான் அவளைப் போட்டுக் குடைந்தது.

எல்லாம் ஒரு செங்கல்லில் ஆரம்பித்தது. வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் கட்டியபோது வந்த செங்கல்லில் பாதி, மழை பட்டதும் வாய் பிளந்தது. உடைந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு. மண்ணியலில் ஆராய்ச்சிக்குப் பதிந்துவிட்டு எதை ஆராய்வது என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்த சங்கரேஸ்வரி, அந்தப் பொட்டை நகத்தால் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். உள்ளே கண்ணாடியில் செய்த ஓடங்கள் கிடந்தன. சக்கரங்கள், ஊசிகள், சல்லடை போலத் துளைபோட்ட தட்டுகள். டயட்டம் என்று பெயர். தண்ணீரில் வாழ்கிற பாசி வகை. கண்ணுக்குத் தெரியாத தன் உடம்பைச் சுற்றிக் கண்ணாடி ஓடு கட்டிக்கொள்ளும். செத்ததும் ஓடு மட்டும் அடியில் போய்ப் படியும். இத்தனை ஓடு படிய வேண்டுமானால் அங்கே பெரிய ஏரி ஒன்று வெகுகாலம் கிடந்திருக்க வேண்டும். செங்கல் வந்தது பண்பொழிக்கும் செங்கோட்டைக்கும் நடுவிலுள்ள ஒலி முகம்மதுவின் சூளையிலிருந்து. அங்கே இப்போது ஏரியும் இல்லை, குளமும் இல்லை. மண்ணெடுத்த பள்ளம்தான் இருந்தது. அதன் அடியில் வெள்ளை மண் ஆள் உயரத்துக்கு நின்றது. "இது நாசமாப் போன மண்ணு மேடம், தூக்குனா பஞ்சு மாரி இருக்கு, சுட்டா வெடிக்கி. வேணும்னா மொத்தத்தையும் நீங்களே கொண்டு போங்க" என்றார் ஒலி முகம்மது.

ஏரி இருந்தது சரி, எப்போது இருந்தது? அதைச் சொல்லத்தான் காந்தம். ஏரியில் வண்டல் படியும்போது அதிலுள்ள இரும்புத் துணுக்குகள் அன்றைய காந்த வடக்கைப் பார்த்துத் தலைவைத்துப் படுக்கும். அதன்மேல் மண் விழுந்து விழுந்து அப்படியே இறுகிவிடும். பூமியின் காந்தமோ என்றைக்கும் ஒன்றுபோல இருந்ததில்லை. வடக்கு தெற்காகப் புரண்டு கிடந்த காலமெல்லாம் உண்டு. கடைசியாக அது புரண்டு இன்றைய நிலைக்கு வந்து ஏறக்குறைய எட்டு லட்சம் வருஷம். மண்ணில் துணுக்குகள் தெற்குப் பார்த்துப் படுத்திருந்தால் அது அதற்கும் முந்திய மண் என்று அர்த்தம். வேறு ஊராக இருந்தால் காந்த ஊசி தரைக்குள் சாய்கிறதா வானத்தைப் பார்க்கிறதா என்பதை வைத்தும் சொல்லிவிடலாம். தென்காசிப் பக்கம் ஊசி பெரிதாகச் சாயாமல் சமமாகவே கிடக்கும். இருக்கிற கொஞ்சம் சாய்வையும் மேலே அழுத்துகிற மண் தட்டையாக்கிவிடும். வடக்கா தெற்கா என்பது மட்டும்தான் இங்கே சாட்சி. ஆகவே பெட்டியை எந்தத் திசை பார்த்துச் சுவரில் குத்தி எடுத்தோம் என்பதில் தவறினால் மிச்சம் எல்லாமே தவறு.

பள்ளத்தின் மேற்குச் சுவரில் அவளே பெட்டி பெட்டியாகக் குத்தி எடுத்தாள். மேற்கே பார்த்துக் குத்தி, வானத்தைப் பார்க்க ஒரு அம்பு வரைந்து, மே ஒன்று, மே இரண்டு என்று எழுதிக்கொண்டு வந்தாள். மேல் அடுக்கு என்பதற்காக மே. செம்மண் முடிந்து வெள்ளை மண் தொடங்கிக் கொஞ்சம் இறங்கியிருப்பாள், செங்கோட்டையிலிருந்து போன். அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மழை தொடங்கிவிடும், மறுநாள் போனால் பள்ளத்தில் இறங்க முடியாது. கடற்கரை பத்திரங்களை வேறொருவரிடம் தள்ளிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினான். இரும்புச் சாமான் எதுவும் கூடாது என்று அவள் சொல்லியிருந்ததால் இடுப்பு பெல்ட்டைக்கூடக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டுப் போனான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவள் போனில் சொன்ன வார்த்தைகள் இப்போது சட்னி ஜாருக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. "மேல முடிஞ்சுட்டு. இனிமே கீழ எடுங்க. வெள்ளை மண்ணுல மட்டும் எடுத்தாப் போதும். அம்பு வானத்தப் பாக்கணும்." அவன் சரி என்றான். அவன் எதற்கும் சரி என்றுதான் சொல்வான்.

பெட்டிகள் எல்லாம் ஒழுங்காக வந்தன. அம்பு, எண், கீ. கீழ் அடுக்கு என்று அவள் எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் மேற்குச் சுவர் என்றே திசை கொடுத்தாள். அளந்து பார்த்தபோது மே பெட்டிகள் அத்தனையும் வடக்கைப் பார்த்தன. கீ பெட்டிகள் ஒன்று தவறாமல் தெற்கைப் பார்த்தன. அன்றைக்கு அவள் ஆய்வக வராந்தாவில் செருப்பில்லாமல் ஓடினாள். வழிகாட்டிப் பேராசிரியர் ஆனந்தவள்ளி அவளைக் கட்டிக்கொண்டார். பத்திரிகையில் தென்காசியில் எட்டு லட்சம் ஆண்டுப் பழமையான ஏரி என்று செய்தி வந்தது. கடற்கரை அதை லேமினேட் செய்து தன் மேசைக்குப் பின்னால் மாட்டினான். கிரயம் பண்ண வருகிறவர்கள் எல்லோரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

சந்தேகப்பட இடம் இல்லாமலில்லை. வெள்ளை மண்ணின் நடுவில், சரியாக அவள் விட்டுப்போன இடத்தில், பூமி புரண்டு படுத்திருந்தது. இடைப்பட்ட திசையில் ஒரு பெட்டிகூட இல்லை. டயட்டம்களோ மே வெள்ளையிலும் கீ வெள்ளையிலும் ஒரே சாதி, ஒரே அளவு. அத்தனை பெரிய கால மாற்றத்தில் அவற்றுக்கு ஒன்றுமே ஆகவில்லை. நடுவில் ஏரி வற்றிக் கிடந்திருக்கும், அந்தக் காலத்து மண் காற்றில் போயிருக்கும் என்று கட்டுரையில் எழுதினாள். பேராசிரியரும் தலையாட்டினார். வேண்டியது கிடைத்துவிட்டால் மனசு எவ்வளவு சுளுவாகக் காரணம் கண்டுபிடிக்கிறது என்று நினைக்க இப்போது அவளுக்குப் பயமாக இருந்தது.

"குளிக்கப் போகலியா? மேடம் ரெடியாயிருப்பாங்க. வண்டிய எடுக்கட்டா?" என்று கடற்கரை எட்டிப் பார்த்தான். "மூஞ்சி ஏன் ஒரு மாரியா இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்றாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். கேட்டுவிட்டால் தெரிந்துவிடுமே என்றுதான் கேட்கவில்லை.

ஆனந்தவள்ளி முந்தின நாளே வந்து குற்றாலத்தில் அறை எடுத்திருந்தார். சென்னைக்காரர், சீசன் என்று கேள்விப்பட்டிருந்தாரே தவிர வந்ததில்லை. காலையில் அருவி, பிறகு பள்ளம், மாலையில் கட்டுரையின் கடைசி அச்சுப்படியை இருவருமாகப் பார்த்து அனுப்பிவிடுவது என்று திட்டம். வண்டியில் ஏறியதும் ஈரக் காற்றுக்குத் தலையை நீட்டிக்கொண்டு, "நல்ல சேதி ஒண்ணு வச்சிருக்கேன்" என்றார். "அந்த ஆராய்ச்சி மையத்து வேலைக்கு உன் பேரைத்தான் முதல்ல வச்சிருக்காங்க. கமிட்டித் தலைவர் கட்டுரையைப் படிச்சிருக்கார். உன்னோட கீழ் அடுக்குதான் அவரை அசத்திடுச்சாம்."

"கேட்டியா" என்றான் கடற்கரை, ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டி. அவன் காது மடல்கூடச் சிவந்துவிட்டது. சங்கரேஸ்வரி சன்னல் கண்ணாடியை இறக்கினாள், பிறகு ஏற்றினாள். அவள் இப்படி ஒரு வேலைக்காக எத்தனை இடத்தில் எத்தனை பேர் முன்னால் நின்றிருக்கிறாள் என்பது வண்டியிலிருந்த மூன்று பேருக்கும் தெரியும். வயதும் போய்க்கொண்டிருந்தது. இனி ஒன்று வருமா என்பதும் தெரியாது.

மெயின் அருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கத்தில் ஈரப் புடவையும் நைட்டியுமாக ஒரே நெரிசல். எண்ணெய்க் கசகசப்பில் கால் வைக்குமிடமெல்லாம் வழுக்கிற்று. ஆனந்தவள்ளி சின்னப் பெண்ணாகிவிட்டார். சங்கரேஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் தண்ணீருக்கு நேர் கீழே நின்றார். தலையில் விழுந்த தண்ணீர் மற்றதையெல்லாம் அடித்துக்கொண்டு போக வேண்டும். எல்லோரும் அதற்குத்தான் வருகிறார்கள். அவளுக்கு மட்டும் அந்த இரைச்சலுக்குள் அன்று போனில் பேசிய தன் குரல் இன்னும் தெளிவாகக் கேட்டது: மேல முடிஞ்சுட்டு, இனிமே கீழ எடுங்க. மூச்சு முட்டியது. பக்கத்தில் மேடத்தின் காது இருந்தது. "மேடம், அது கீழ் இல்ல, கிழக்கு" என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்றதும் தைரியம் வந்து, தொண்டை கிழியக் கத்தினாள். "பூமி பொரளல மேடம்! நாங்க தப்புப் பண்ணிட்டோம்!"

"என்ன? ஆமா, பிரமாதமா இருக்கு!" என்று ஆனந்தவள்ளி கண்ணைத் திறக்காமலே திருப்பிக் கத்தினார்.

உடைமாற்றும் அறையில் கூட்டம். மேடத்தை வரிசையில் விட்டுவிட்டு, சங்கரேஸ்வரி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தாள். கடற்கரை ஒரு பை ரம்புட்டான் வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றை உரித்து வாயில் போட்டிருந்தான். அவளுக்கும் ஒன்றை உரித்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அன்னைக்கு நீங்க எந்தச் சுவர்ல எடுத்தீங்க?"

"என்னைக்கு?"

"எங்கம்மா விழுந்த அன்னைக்கு. மண்ணு."

"கீழச் சுவர்லதான்" என்றான், இது என்ன கேள்வி என்பதுபோல. "நீதான மேல முடிஞ்சுட்டு, கீழ எடுங்கன்னு சொன்ன. ரெண்டு பக்கமும் பாக்குதா போலன்னு நெனச்சேன். ஏன், பெட்டி எதுவும் ஒடைஞ்சிட்டா?"

"மேலச் சுவர்ல ஒண்ணுகூட எடுக்கலியா?"

"அதுதான் முடிஞ்சுட்டுன்னியே."

அவள் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டாள். மேற்கே பார்த்துக் குத்திய பெட்டியும் கிழக்கே பார்த்துக் குத்திய பெட்டியும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே பக்கம் திருப்பி அடுக்கினால் ஒன்றின் வடக்கு மற்றதற்குத் தெற்கு. இதை அவனுக்குக் கையை முன்னும் பின்னும் காட்டிச் சொன்னாள். அவன் உரித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். பாதியில் புரிந்துவிட்டது. நிலத்தைத் திசை மாற்றி எழுதினால் என்னவாகும் என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"திரும்புனது பூமி இல்ல" என்றாள். "நீங்க."

அவன் கையிலிருந்த பழத்தின் சாறு முழங்கை வரைக்கும் வடிந்தது. "அப்பம் அந்த எட்டு லட்சம்?"

"தெரியல. ஏரி இருந்தது நெசம். வயசு தெரியல. முப்பதாயிரமாவும் இருக்கலாம், மூணு லட்சமாவும் இருக்கலாம்."

"செரி, விடு. எங்க ஆபீஸ்ல திசை மாறிப்போன பத்திரம் எத்தனை வருது. பிழைதிருத்தல் பத்திரம்னு ஒண்ணு போட்டா முடிஞ்சுட்டு. அது மாரி ஒங்கள்ளயும் இருக்கும்லா?"

"இருக்கு. போட்டா கட்டுரை போயிரும். கட்டுரை போனா வேலையும் போயிரும்."

அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். பிறகு அவள் இதுவரை கேட்டிராத தணிந்த குரலில், "பெட்டியில கீன்னுதான போட்டிருக்கு" என்றான். "கீழன்னு நீ நெனச்ச, நான் கீழன்னு எழுதுனேன். இதுல பொய் எங்கன இருக்கு? மழைத் தண்ணி ரொம்பிக் கெடக்கு பள்ளத்துல. யாரு எறங்கிப் பாக்கப் போறா? நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்ட்டி."

அவளுக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவன் சொன்னதற்காக இல்லை. காலையிலிருந்து அதையேதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அருவிக்கு நடக்கும்போதும் வரிசையில் நிற்கும்போதும் அந்த ஒற்றை எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்குள் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது என்று கண்டுபிடித்திருந்தாள். தன் மனதில் இருந்த அழுக்கு அவன் வாயில் கேட்டபோது அழுகை வந்தது. அதற்குள் ஆனந்தவள்ளி தலையைத் துவட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்ன, அருவித் தண்ணி கண்ணுல பட்டுடுச்சா? எனக்கும் எரியுது" என்றார்.

செங்கோட்டை சாலையில் சாரல் வண்டியோடுகூடவே வந்தது.  மேடம் ஏதோ ஞாபகம் வந்தவராக, "சாய்வு ஏன் மாறலைன்னு கட்டுரையைப் பரிசீலிச்ச ஒருத்தர் கேட்டிருந்தாரே, அதுக்குப் பதில் ஒரு வரி சேர்த்துடலாமா?" என்றார். சேர்த்துவிடலாம் என்றாள் சங்கரேஸ்வரி. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பொய் இத்தனை சிறிதாக, இத்தனை சாதாரணமாக வாயிலிருந்து இறங்கிப் போய்விட்டதே. பையிலிருந்த காம்பஸைக் கையில் எடுத்து மூடி வைத்துக்கொண்டாள். மேடத்துக்குச் சுவரின் திசையைக் காட்டவென்று காலையில் பையில் எடுத்து வைத்தது. அப்போது சட்னி அரைக்கத் தொடங்கியிருக்கவில்லை.

ஒலி முகம்மது குடையோடு சாலைக்கே வந்து நின்றார். சூளை நனைந்து கிடந்தது. தார்ப்பாய் போட்டு மூடிய, இன்னும் சுடாத பச்சைக் கல்லிலிருந்து சேற்று வாசம் வந்தது. "வாங்க மேடம், வாங்க. நம்ம மண்ணு எட்டு லட்சம் வருசமாம்லா. எங்க மாப்பிள்ளை துபாய்லேந்து போன் போட்டுக் கேக்குதான்" என்று ஆனந்தவள்ளியைப் பார்த்து நெஞ்சு நிறையச் சிரித்தார். பிறகு சங்கரேஸ்வரியிடம் திரும்பி, "உங்களுக்காண்டிதான் ரெண்டு பக்கச் சுவரையும் தொடாம வுட்டு வச்சிருக்கேன். மத்த எடத்துலதான் மண்ணு எடுக்கேன்" என்றார்.

ரெண்டு பக்கமும் என்று அவர் சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது. கடற்கரை தரையைப் பார்த்தான்.

பள்ளத்தில் பாதிக்குமேல் தண்ணீர். பச்சை கலந்த பால் நிறத்தில் அசையாமல் கிடந்தது. சாரல் விழுந்த இடமெல்லாம் சின்னச் சின்ன வட்டம். அவர்கள் நின்ற மேற்குக் கரையில் சுவரின் செம்மண் மட்டும் வெளியே தெரிந்தது. வெள்ளை எல்லாம் உள்ளே போய்விட்டது. எதிர்க்கரை கொஞ்சம் மேடு. அங்கே மட்டும் தண்ணீருக்கு மேலே வெள்ளை மண் ஒரு முழத்துக்கு நீண்டு தெரிந்தது. அதில் வரிசையாகச் சதுரம் சதுரமாகக் குழிகள். ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்தும் அவற்றின் ஓரம் இன்னும் மழுங்கவில்லை. சங்கரேஸ்வரி அவற்றைப் பார்த்தாள். அவள் பார்ப்பதைக் கடற்கரை பார்த்தான். தெரியாதவர்களுக்கு அது ஏதோ பறவைப் பொந்து.

ஆனந்தவள்ளி போனைத் துடைத்துக் கையில் எடுத்தார். "கட்டுரையோட போடறதுக்கு ஒரு நல்ல படம் வேணும். சங்கரி, கீழ் அடுக்கு எங்கே எடுத்தே?"

அவள் வாய் திறப்பதற்குள் கடற்கரை முந்திக்கொண்டான். "கீழதான் மேடம். இந்தா, இங்கன கீழ" என்றான். குரல் அவனுடையதாக இல்லை. ஆனால் அவன் கையை எந்தப் பக்கமும் நீட்டவில்லை. பொய்ப் பத்திரம் ஒன்றுகூட எழுதியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன், இரண்டு கைகளையும் வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு நின்றான்.

"அடடா, தண்ணிக்குள்ள போயிடுச்சா" என்று மேடம் விளிம்புக்குப் போய்க் குனிந்தார். ஒலி முகம்மது பதறிக் குடையைப் பிடித்தார். மேடம் கால்மாட்டில் கிடந்த பால்நிறத் தண்ணீரை, அதற்கடியில் இருக்கும் என்று அவர் நம்பிய எட்டு லட்சம் வருஷத்தைப் படம் எடுக்கத் தொடங்கினார். ஒன்று எடுத்தார். சரியாக வரவில்லை என்று இன்னொன்றுக்குக் குனிந்தார்.

சங்கரேஸ்வரிக்குத் தெரிந்தது: இப்படியே நின்றால் போதும். ஒன்றும் சொல்லவேண்டியதில்லை, ஒன்றும் செய்யவேண்டியதில்லை. படம் எடுத்து முடித்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விடலாம். கையிலிருந்த காம்பஸ் எப்போது திறந்துகொண்டது என்று தெரியவில்லை. முள் நிலைகொள்ளாமல் இங்குமங்கும் ஆடியது.

"அங்க இல்ல மேடம்" என்றாள்.

"பின்னே? கீழேன்னாரே?"

பக்கத்தில் கடற்கரை மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. எந்தச் சொல்லை எடுத்தாலும் அது வழுக்கிக்கொண்டு போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினாள். தண்ணீருக்கு மேலாக, எதிர்க்கரையைப் பார்த்து, வயல்கள் இருக்கிற பக்கமாக நீட்டினாள். ஆனந்தவள்ளி இன்னும் குனிந்து தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, அவள் முகத்தைப் பார்த்து, தோளைப் பார்த்து, சாரலில் நனைந்துகொண்டிருந்த அந்தக் கை போன வழியே கண்ணைக் கொண்டுபோனார். அக்கரையில் வெள்ளைச் சுவரில் சின்னச் சின்னச் சதுரக் குழிகள் அவர்களைப் பார்த்து வரிசையாகத் திறந்திருந்தன.